ராணி மிஸ் பிணை நின்ற புத்தகங்கள்

தலவாக்கலை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் டவுன் வாசகர் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: நமது நூலகர் பவளராணி அவர்கள் இன்று காலை மாரடைப்பால் காலமானார். அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர் கேக் படம் போட்டு வேறு யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார். அதற்கும் கூப்பிய கைகள்தான். எது சாவுக்கு, எது கேக்குக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நானும் ஒரு கூப்பிய கையை அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருமாதிக்கு ஒரு நினைவு மலர் போடப் போகிறார்களாம். வாசகர் வட்டத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் என்ற முறையில் என்னிடம் "நல்லதா நாலு வார்த்தை" கேட்டார்கள். உட்கார்ந்து எழுதப் பார்த்தேன், முதல் வரியையே அடித்துவிட்டேன். ராணி மிஸ்ஸைத் தெரிந்த உங்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அச்சில் போடாமல் விடட்டும்.

நான் ஊர் திரும்பும் முன்பே நூலக வாசலில் பெனர் கட்டிவிட்டார்கள். ஒழுகுகிற கூரையில் நான்கு தகரம் மாற்றித் தரும்படி மிஸ் பிரதேச சபைக்கு வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார். ஒரு ஆணிகூட வரவில்லை. பெனருக்கு அரை நாள் ஆகவில்லை! அதில் சபைத் தலைவரான தவிசாளர் ஆள் உயரத்துக்கு நிற்கிறார். மிஸ்ஸின் முகம் அவருடைய முழங்கைக்குக் கீழே, ஏதோ தேர்தல் சின்னம் மாதிரி. விழாப் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். மிஸ்ஸின் தோளோரத்தில் யாரோ ஒரு பிரமுகரின் மாலை பாதி தெரிகிறது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அது ஒக்டோபர் வாசிப்பு மாத விழாப் படம். அந்த விழாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பந்தல், மேளம், குத்துவிளக்கு, பொன்னாடை. வாசிப்பின் மகிமை பற்றி மைக்கைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவராவது உள்ளே போய் ஒரு புத்தகத்தைப் புரட்டியதை நான் கண்டதில்லை. விழா முடிந்து வாழைமரத்தை அவிழ்க்கும்போது மிஸ் என்னிடம் சொன்னார்: "வருசத்துல ஒரு மாசம் வாசிச்சா, மத்த பதினோரு மாசமும் என்னங்க சேர், வெரதமா?"

அவருடைய வேலை அந்தப் பதினோரு மாசத்தில்தான் நடந்தது. பொங்கல் முடிந்தால் படிவ வாரம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை அனுமதி என்று கையில் கசங்கிய தாள்களோடு தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் வருவார்கள். உட்கார வைத்து நிரப்பிக் கொடுப்பார். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் யாத்திரை போகும் மாதங்களில், மஸ்கெலியா பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக, படப் புத்தகங்களை வெளியே கிடக்கும் வாங்குப் பலகையில் பரப்பி வைப்பார். "தூக்கிட்டுப் போயிருவாங்க மிஸ்" என்றேன் ஒருநாள். "போகட்டுமே சேர். மலைக்குப் போற புள்ள பொஸ்தகத்தத் தூக்கிட்டுப் போனா நமக்கென்ன பாவமா வரப்போகுது?" என்றார். அப்போது சிரித்தேன். அதன் பொருள் மண்டையில் ஏறவில்லை.

இப்போது பிணை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நூலகத்தில் அங்கத்தவராகிப் புத்தகம் எடுத்துப் போக வேண்டுமானால், டவுன் எல்லைக்குள் சொந்த வீடுள்ள ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் தொலைந்தால் அவர்தான் பொறுப்பு. லயத்தில் குடியிருப்பவர்கள் சொந்த வீடுள்ள ஆளுக்கு எங்கே போவது? லயம் என்ற அந்த வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். அவர்களுக்கு வரும் கடிதம்கூடத் தோட்டத்து ஆபிஸில் போய்க் கிடக்கும். ஆக, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்கி இந்த டவுனையே தூக்கி நிறுத்திய சனம் நூலகத்துக்குள் வந்து பத்திரிகை பார்க்கலாம், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இதைச் சட்டம் என்று சொல்லிக்கொண்டு இத்தனை காலம் நாம் எல்லோரும் சோறு தின்றிருக்கிறோம்.

மிஸ் வேலைக்கு வந்த புதிதில் ஐந்தாறு பிணைப் படிவங்களோடு என் வீட்டுக்கு வந்தார். டவுனில் வீடு வாங்கிய தோட்டத்துப் பிள்ளை நான், ஓர் அதிபர் வேறு. நான் கையெழுத்துப் போடுவேன் என்று நம்பி வந்திருக்கிறார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மிஸ், நம்ம சனத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? அங்க போற பொஸ்தகம் திரும்பி வருமா? அடுப்புக்குத்தான் போகும்." அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். படிவங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். எழும்பும்போதுதான் கேட்டார்: "சேர் எந்த லயத்துலங்க பொறந்தீங்க?" பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. கடைத்தெருக் கோடியில் அவருக்கு இரண்டு அறை வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டை வைத்து அவரே கையெழுத்துப் போட்டார். ஒன்று, பத்து, பிறகு கணக்கில்லை. சபையிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோது, "நூலகர் பிணை நிக்கக் கூடாதுன்னு எங்கங்க எழுதியிருக்கு? எடுத்துக் காட்டுங்க" என்று விதிப்புத்தகத்தை மேசையில் போட்டார். வந்தவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஆடி மழை தொடங்கினால் ஞாயிறு மத்தியானங்களில் வாசிப்பு நடக்கும். சாமான் வாங்க வந்த பெண்கள் பஸ் வரும்வரை கடை ஓரங்களில் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மிஸ் தொடங்கியது அது. பின்னறையில் பாயை விரித்து, இருபது முப்பது பெண்களை உட்கார வைத்து, சத்தமாகக் கதை வாசிப்பார். டவுன் கனவான்களுக்கு மூக்கு சுழிந்துவிட்டது. ஈர வாடை அடிக்கிறதாம், தரை சேறாகிறதாம். புகார் போய், "ஈர உடையுடன் உட்பிரவேசிக்கத் தடை" என்று பலகை வந்தது. வருஷத்தில் பாதி மழை கொட்டும் ஊரில் இப்படி ஒரு பலகை! அது பேசப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். மிஸ் அந்தப் பலகையைச் சுவரில் அடித்து, அதன் மேலேயே ஒரு கயிற்றைக் கட்டினார். கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளும் குடைகளும் அதில் காயத் தொங்கின. பலகையை யாருக்கும் வாசிக்கக் கிடைக்கவில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க, இரண்டு பாகமுள்ள ஒரு பெரிய நாவலை வாசித்தார். நான் முன்னறையில் பத்திரிகையோடு இருந்தபடி கேட்பேன். பாக்கியம் என்று ஒரு கொழுந்துக்காரப் பெண், எழுத்துக் கூட்டி வாசிப்பவர், கதை நடுவில் சண்டைக்கு வருவார். "அவ ஏங்க மிஸ் திரும்பவும் அந்தாளு வீட்டுக்குப் போறா? நானா இருந்தா வெளக்குமாத்தாலயே நாலு போட்டுட்டு வந்திருப்பேன்." கதையில் வரும் அந்தப் பெண் கைக்குழந்தையோடு ரயில் நிலையத்தில் நிற்பதோடு முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் அலமாரியில் இல்லை. யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பாக்கியம் படியேறும்போதே கேட்பார். "ரெண்டாவது பொஸ்தகம் வந்துருச்சுங்களா மிஸ்?" மிஸ் சொல்வார்: "ஒரு பெரிய மனுசர் வெச்சிருக்காரு. வரும்." ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "யார் மிஸ் அந்தப் பொறுப்பில்லாத ஆளு? பேரச் சொல்லுங்க, நான் போய்க் கேக்குறேன்" என்றேன். மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார். "மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சுங்க சேர். அதுக்கு மேல நான் என்ன, அவரு வீட்டு அலமாரியவா போய்த் தொறக்க?"

இனி சாவு வீடு. முற்றத்தில் தவிசாளர் பேசிக்கொண்டிருந்தார். மிஸ் ஒரு அறிவுச் சுடராம், சபை அவருக்குத் தோளோடு தோள் நின்றதாம். அப்போது பாதையிலிருந்து தோட்டத்துப் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு பொதி. சவப்பெட்டியின் கால்மாட்டில் கிடந்த கதிரையின் இருக்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். எல்லாம் நூலகப் புத்தகங்கள். பிணை நின்றவர் அந்தப் பொறுப்பையும் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டிவரும் என்று நினைத்து, எடுத்ததையெல்லாம் சாவு வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். தவிசாளரோடு வந்த ஒருவன் சீறினான்: "பொணம் எடுக்குற நேரத்துல இதென்ன, லைப்ரரியா?" பாக்கியம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ்ஸு எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவங்க. அவங்க போறப்ப எங்க பொஸ்தகம் ஒண்ணுகூட அவங்க தலைமேல இருக்கக் கூடாதுங்க. வேணும்னா எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணிப் பார்த்தோம். மறுநாள் நூலகப் பணியாளரோடு நானும் உட்கார்ந்து பதிவேட்டோடு ஒப்பிட்டேன். லயத்துக்குப் போனதில் ஒன்றும் குறையவில்லை. ஒரு புத்தகத்தில் அடுப்புக்கரி பட்டிருந்தது. அதையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அப்படியே பக்கத்தைப் புரட்டினால் டவுன்காரர்களின் பெயர்கள். வருஷக்கணக்கில் திருப்பித் தராத புத்தகங்கள். வாசகர் வட்டத்தில் மிஸ்ஸுக்கு இரங்கல் தீர்மானம் முன்மொழிந்தவர் பெயரில் ஆறு. அவருக்குக் கொஞ்சம் கீழே என் பெயர். நாவலின் இரண்டாம் பாகம்.

வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரியைக் குடைந்தேன். பழைய சுற்றறிக்கைகளுக்கு அடியில் கிடந்தது. பத்துப் பக்கம் வாசித்துவிட்டு வைத்து மறந்திருக்கிறேன். வாசகர் வட்டக் கடிதங்களோடு மிஸ் அனுப்பிய மூன்று துண்டுக் கடிதங்களும், நான் பிரிக்காத உறைகளுக்குள் அப்படியே இருந்தன. பொறுப்பில்லாத ஆள் யார் என்று அவரிடமே போய் அதட்டிக் கேட்டவன் நான். என்னைப் போல ஒரு பிறவியை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம், பெனர் கட்டிய அதே சுவரில், பெனருக்கு நேர் கீழே ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பிணையாளர் காலமாகிவிட்டபடியால் அவர் பிணை நின்ற அங்கத்துவங்கள் அனைத்தும் இரத்து. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே இது. பசைகூடக் காயவில்லை. தவிசாளரிடம் போய்க் கேட்டேன். "அது சட்டம்தானே சேர். ஆனா நாங்க மிஸ்ஸ மறக்க மாட்டோம். வாசிகசாலைக்கே அவங்க பேர வைக்கலாம்னு இருக்கோம்" என்றார். பேரை வைத்து யார் வாசிப்பது? வீடுள்ளவர்களிடம் பிணை கேட்டு ஏறி இறங்கினேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் "நம்ம சனத்தப் பத்தித் தெரியாதா சேர்?" என்று என் வசனத்தையே என் முகத்தில் எறிந்தார்கள்.

போன ஞாயிறு நல்ல மழை. நூலகத்தின் பின்னறையில் படிவங்களோடு உட்கார்ந்தேன். பெண்கள் வந்தார்கள். கயிற்றில் படங்குகள் தொங்கின. முதல் ஆளாக வந்த பாக்கியம் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து அட்டையை எழுத்துக் கூட்டினார்.

"இது ரெண்டாவது பொஸ்தகமில்ல? எங்கங்க சேர் இருந்துச்சு?"

"என் வீட்டுல."

அவர் அட்டையிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "எத்தன தடவ கேட்டிருப்பேன். மிஸ்ஸு உங்க பேர ஒரு வார்த்த சொல்லலீங்களே" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படிவத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். "போடுங்க சேர் கையெழுத்த. போட்டுட்டு வாசிங்க. அந்தப் பொண்ணு புள்ளையோட டேசன்லயே நிக்குது."

கையெழுத்துப் போட்டேன். வாசித்தேன். புத்தகம் இப்போது பாக்கியத்தின் பெயரில், என் பிணையில் இருக்கிறது. மிஸ்ஸுடையது என்று என்னிடம் மிச்சம் அந்த மூன்று துண்டுகள்தான். மூன்றிலும் ஒரே வரி: "சேர், இந்தப் புத்தகத்துக்கு ஆட்கள் மழையில் காத்திருக்கிறார்கள்." அவற்றை மட்டும் நான் திருப்பித் தரப்போவதில்லை.