பாட்டுக்கு உதைத்த பசு

தொண்டையில் வளர்ந்த கழலையை வெட்டி எடுத்த பிறகு கமலாட்சிக்குக் குரல் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு மிஞ்சியிருந்தது. அப்படி ஆகலாம் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆகவே அவள் அவரை நொந்துகொள்ளவில்லை. அவளுக்கு எரிச்சல் ஊர்மேல்தான். குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்று ஊர் தீர்மானித்துவிட்டது. அவளைக் கண்டதும் எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். பால் எடுக்க வரும் வாகனக்காரன் கத்தினான். பக்கத்து வளவு சுமித்திரா வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினாள். கமலாட்சி மறுமொழி சொல்லும் வேலையை விட்டுவிட்டு, கத்துகிறவர்களின் பற்களை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்களே களைத்துப் போய் நிறுத்துவார்கள்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில், உள்ளே தள்ளி அவளுடைய வளவு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த தாயும் தகப்பனும் காடு வெட்டிப் போட்ட குடிசையில்தான் அவள் பிறந்தாள். மாடுகளோடு வளர்ந்தவள். கடைசிச் சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எல்லாக் கயிறுகளையும் அறுத்து மாடுகளை ஓடவிட்டாள். முகாமிலிருந்து திரும்பியபோது ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு நாம்பன் கன்றைக்கூடக் காணவில்லை. ஒற்றைப் பசுக்கன்றை வாங்கி மறுபடி தொடங்கி, ஒரு பட்டியையே உண்டாக்கினாள்.

அவளுடைய கணவர் ராசுவுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டால், உண்டு. பாலில் தேத்தண்ணி குடிப்பார். காலையில் சைக்கிளில் சந்திக்குப் போனால், தவராசாவின் தேத்தண்ணிக் கடையில் இருந்து உலகத்தைத் திருத்திவிட்டு மத்தியானச் சோற்றுக்குச் சரியாக வந்துசேருவார்.

பட்டியில் அதிகம் கறக்கும் பசு சிவப்பி. பிடிவாதக்காரி. பாட்டுக் கேட்டால்தான் பால் விடும். கமலாட்சி மடியைக் கழுவிக்கொண்டே பாடத் தொடங்கினால் நாலாவது வரியில் காம்பு இளகும். குரல் போன பிறகு அது மடியை இறுக்கிக்கொண்டு நின்றது. கரகரத்த குரலில் பாடிப் பார்த்தாள். சிவப்பி திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாரோ என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நெளுக்குளத்தில் கலியாணம் கட்டியிருந்த மகள் ரஜிதா இதைக் கேள்விப்பட்டு, கையில் அடங்கும் பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினாள். சார்ஜ் பண்ணிவிட்டால் எங்கேயும் கொண்டு போகலாம். கமலாட்சி அதை மாங்குளத்தில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் நிரஞ்சனின் கடையில் கொடுத்து, பழைய பாட்டும் புதிய பாட்டுமாக நிரப்பி வாங்கினாள். கொட்டில் தூணில் தொங்கவிட்டாள். முதல் பாட்டு மிக மெதுவான சத்தத்தில் வந்தது. தலையை உயர்த்திய சிவப்பிக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினாள். பசு காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. பால் இறங்கியது. வாளி நிறைந்துகொண்டு வந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு, பத்துப் பறையை ஒன்றாக அடித்தது போல வெடித்தது. சிவப்பி துள்ளி உதைத்தது. வாளி ஒரு பக்கம், பால் ஒரு பக்கம், முழங்காலைப் பிடித்தபடி கமலாட்சி ஒரு பக்கம். பெட்டி மட்டும் தூணில் தொங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகக் கத்திக் குளறியது.

ராசு ஓடிவந்து பார்த்தார். மாட்டையோ மனைவியையோ பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"இது சின்ன விசயம். நான் செய்யிறன்," என்றார். பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்துப் பெட்டியின் வாயை இறுக்கிக் கட்டினார். அதன் பிறகு மெதுவான பாட்டு அடியோடு கேட்கவில்லை. பெரிய பாட்டு, சாக்குக்குள் அகப்பட்ட பன்றி போல உறுமியது.

"இப்ப எப்பிடி?" என்று ராசு கத்தினார்.

"நீங்கள் சந்திக்குப் போங்கோ," என்றாள் கமலாட்சி.

மறுநாள் அவளே பெட்டியோடு நிரஞ்சனிடம் போனாள். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் வீதியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தன. அந்த அலறலைக் குறைக்காமலே, "என்ன அன்ரி? பாட்டு வேலை செய்யேல்லையோ?" என்று நிரஞ்சன் அவள் காதுக்குள் கத்தினான்.

"ஒரு பாட்டுக்குச் சத்தம் கூட, ஒரு பாட்டுக்குக் குறைய. மாடு உதைக்குது. எல்லாத்தையும் ஒரே அளவாக்கித் தாரும்."

"ஓ, அதுவோ! எல்லாத்தையும் கூட்டி விடுறன். உங்கட ஆக்கள் சத்தமாப் பாட்டுக் கேக்கிற ஆக்கள்தானே!"

அவன் சிரித்தான். 'உங்கட ஆக்கள்' என்றால் மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று கமலாட்சிக்கு விளங்காமல் இல்லை. பிறந்த மண்ணிலேயே இத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். வாசல் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நீரும் எங்கட ஆள்தான்," என்றாள்.

நிரஞ்சனுக்கு அது கேட்கவில்லை. சொன்னபடியே செய்து கொடுத்தான். எல்லாப் பாட்டும் ஒரே அளவில்தான் இருந்தன. ஒரே அளவில் குளறின. புல்லாங்குழல் பிளந்த தகரமாகக் கேட்டது. மெல்லப் பாடிய பெண்ணின் பின்னால் எண்ணெய்ச் சட்டி பொரிவது போல ஒரு இரைச்சல். சிவப்பி கொட்டிலுக்குள்ளேயே வர மாட்டேன் என்றது. மாட்டுக்கு இருக்கிற ரசனை இவனுக்கு இல்லையே என்று கமலாட்சி நினைத்துக்கொண்டாள்.

திரும்பவும் போனாள். இந்தமுறை கதிரையை இழுத்துக் கடையின் நடுவில் போட்டு இருந்தாள். பெட்டியை மடியில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குளறலைக் கேட்டு முகத்தைச் சுழித்தார்கள்.

"இதை இவர்தான் ஏத்தித் தந்தவர்," என்று ஒவ்வொருவருக்கும் நிரஞ்சனைக் காட்டினாள்.

போனுக்குப் பாட்டு ஏற்ற வந்த ஒருவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் நிரஞ்சன் வாசல் பெட்டிகளை நிறுத்தினான்.

"அன்ரி, என்னதான் செய்யச் சொல்லுறீங்கள்?"

"மெதுவா இருக்கிறதைக் கூட்டச் சொல்லேல்லை. கத்துறதைக் குறைச்சுத் தாரும்."

"குறைச்சா ஆர் கேப்பினம்? சனத்துக்குச் சத்தம்தான் வேணும்."

"சனத்துக்கு இல்லை. மாட்டுக்கு."

அவனுக்கு அது எப்படிச் செய்வதென்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொம்பியூட்டருக்குள் தலையை விட்டுத் தேடினான், யாரோ நண்பனுக்குப் போன் எடுத்துக் குசுகுசுத்தான். கடைசியில், ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு சத்தம் என்று அளந்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இறக்கித் தரும் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதை அவனே செய்து வைத்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

ஒரு பாட்டு மட்டும் மிகப் பழையது. மற்றவற்றை எவ்வளவு இறக்கினாலும் அதன் மட்டத்துக்கு வரவில்லை. அதை ஏற்றினால் இரைச்சல். கமலாட்சி பாடிக் கறந்த பாட்டு அது.

"இதை விடுவம், அன்ரி," என்றான். அப்போது அவன் கத்தவில்லை.

"எடுத்துவிடும்," என்றாள் கமலாட்சி.

அன்று பின்னேரம் பெட்டியைத் தூணில் மாட்டி, சத்தத்தை ஒருமுறை திருகி வைத்தாள். பிறகு தொடவில்லை. பாட்டுக்குப் பின் பாட்டாக ஒரே சீராக வந்தது. முதல் பாட்டில் சிவப்பி நம்பவில்லை. இரண்டாவதில் அசை போட்டது. மூன்றாவதில் காம்பு இளகியது. கமலாட்சி அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கறந்தாள். வாளி நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

கொஞ்ச நாளில் நிரஞ்சனின் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'பாட்டுச் சத்தம் நவீன முறையில் சமப்படுத்தித் தரப்படும்.' அதற்குக் கீழே அந்த இரண்டு பெட்டிகளும் பழையபடி அலறிக்கொண்டிருந்தன.

ராசுவும் சும்மா இருக்கவில்லை. பாட்டைச் சீராக்கி மாட்டைக் கறக்கும் யோசனை தன்னுடையதுதான் என்று தேத்தண்ணிக் கடையில் விளக்கிக்கொண்டிருந்தார். சாமான் வாங்கப் போன கமலாட்சியிடம் தவராசா, "உண்மையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம், அவர்தான். மாட்டையும் அவர்தான் கறக்கிறவர்," என்றாள் அவள்.

தவராசா அதை நம்பிவிட்டார். அவரிடமும் உதைக்கிற பசு ஒன்று இருந்தது. அடுத்த நாள் காலை கையோடு ராசுவைக் கூட்டிக்கொண்டு போய் வாளியைக் கொடுத்தார். தனக்குக் கறக்க வராது என்று சொல்ல ராசுவுக்கு வழியில்லை. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் சுற்றி நின்றார்கள். பாட்டுப் போட்டார், குந்தினார்.

மத்தியானம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கமலாட்சி, காலில் பூசுகிற எண்ணெய்ப் போத்தலை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லு வெட்டப் போனாள்.