பாங்ச்சீயின் எச்சில்

பாங்ச்சீ என்ற பெயருக்குப் 'போகட்டும், வளர்த்துவைப்போம்' என்று பொருள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால், எங்கள் பிங்துங் வட்டாரத்தில் பெயருக்காக அதற்குமேல் எவரும் சிரமப்படுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாத அவள், சாய் கிம்தோவுக்கு மனைவியானாள். நெடுஞ்சாலையோரக் கடையில் பாக்கைக் கீறி, சுண்ணாம்பு தடவி, வெற்றிலையில் மடிப்பதே அவளுடைய வாழ்க்கையாயிற்று. கணவனின் முன்பற்கள் ஆடத் தொடங்கியபின், ஒவ்வொரு பாக்கின் முனையையும் அவளே கடித்து நீக்கிக் கொடுத்தாள். நாளடைவில் அவளும் மென்றாள்.

கிம்தோ, கோயில் பல்லக்குத் தூக்குவோரின் தலைவன். எச்சிலில் உள்ள ஒரு புரதத்தை அளந்து வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய இயலுமா என்று சோதிக்க, மருத்துவக் குழு ஒன்று கோயில் முற்றத்துக்கு வந்தது. முதல் ஆளாகத் தானே எச்சில் கொடுப்பதாக அவன் அனைவர் முன்னிலையிலும் சொல்லியிருந்தான். விழித்ததிலிருந்து எதையும் மெல்லக்கூடாது. சிவந்த எச்சிலை ஏற்கமாட்டார்கள். அவனோ விடியுமுன்பே இரண்டு பாக்கை மென்றிருந்தான். எத்தனை கொப்பளித்தும் சிவப்புப் போகவில்லை. தன் ஆட்கள் பார்க்க எச்சில் கொடுக்காமல் திரும்புவதைவிடச் சாவது மேல் என்று அவனுக்குத் தோன்றியது. எச்சிலுக்கென்று அவர்கள் கொடுத்த குழாயைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, இன்னும் திறக்காத தன் கடைக்கு வந்து, அன்று எதையும் மென்றிராத பாங்ச்சீயிடம் நீட்டினான்.

"இதுல துப்பு."

"என்னோடதையா? கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"எச்சில்ல பேரா எழுதியிருக்கு? துப்புடி."

துப்பினாள்.

சில வாரங்களில் அந்தக் குழுவின் நர்ஸ் ஷூ கிம்தோவைத் தொலைபேசியில் அழைத்தார். புரதத்தின் அளவு மிக அதிகமாம், உடனே வரவேண்டுமாம். "அண்ணே, பல்லக்குக்கு வேற தோள் பாத்துடலாமா?" என்று ஆட்கள் கேலி செய்தார்கள். மருத்துவர் அவனுடைய வாயையும் தொண்டையையும் ஒருமுறைக்கு இருமுறை துருவிப் பார்த்தார், எதுவுமில்லை. அங்கே ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதுமாயிருந்தது. ஊர் சிரிக்கும் என்று அவன் அதை விழுங்கிவிட்டான்.

வாசலிலேயே காத்திருந்த பாங்ச்சீ, அவன் உள்ளே வந்ததும் கேட்டாள்.

"ஏங்க, அது என்னோடதுதானே? நாக்கோரத்துல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது."

"மெஷினே கோளாறாம். டாக்டரே சொல்லிட்டார். நீ சூப்பை ஆறவெச்சுக் குடி."

கிம்தோவின் குழாய், பொய் எச்சரிக்கை தந்தவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அத்தகையவை வேறு சிலவும் இருந்தமையால், அந்தப் புரதம் நம்பத்தக்கதன்று என்று முடிவுசெய்து குழு ஊரைவிட்டுப் போயிற்று.

பாங்ச்சீயை அவன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, சோற்றுக்குக்கூட அவளால் வாய் திறக்க முடியவில்லை. நாக்கை முழுவதுமாக அகற்றினார்கள்.

நர்ஸ் ஷூ கட்டிலருகே நின்று வருந்தினார். "கோயிலுக்கு நாங்க வந்தப்ப நீங்களும் எச்சில் குடுத்திருக்கலாமேக்கா. ஒருவேளை அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பாங்ச்சீ கணவனைப் பார்த்தாள்.

"நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே" என்றான் கிம்தோ.

அவள் கையை உயர்த்தினாள். தன் மார்பைத் தொட்டாள், வாயைத் தொட்டாள், விரல்களைக் குழாய்போல் குவித்து உதட்டருகே பிடித்தாள். மீண்டும் மீண்டும் அதையே செய்தாள்.

"பாவம், தாகமா இருக்கு" என்று சொல்லி, ஷூ பஞ்சை நனைத்து அவளுடைய உதடுகளைத் துடைத்தார். கிம்தோ பாக்கைத் துப்புவதற்காக வெளியே போனான்.