செய்போனேயின் புல்தரை

குழிக்குள் முழங்கை வரை கையை விட்டு மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறார் செய்போனே. காலையில் விடுதியின் புல்தரையை எது நாசம் செய்திருந்தாலும் முதல் வேலை இதுதான். நாட்டா என்ற ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்த விடுதியில் நான் சமையற்காரன். புல்தரை பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு.

கழுதை மிதித்ததற்குத் திட்டுவார். காட்டுப்பன்றிகள் உழுததற்கு மட்டும் மன்னிப்பு உண்டு. "அதுங்க முட்டி போட்டுத்தான் திங்கும். நம்ம ஆளுங்க சர்ச்சுலகூட அவ்ளோ நேரம் முட்டி போடமாட்டாங்க" என்பார், மண்ணைக் காலால் அமுக்கியபடி.

மழையே இல்லாத போன அக்டோபரில் ஒரு பெண்யானை மூன்று நாள் தொடர்ந்து வேலியைச் சாய்த்து வந்து தரையைக் கிளறியது. அதே வாரம் அங்கே ஒரு கல்யாணம். மேலாளர் மொடீசேவுக்குப் பொறுமை போய்விட்டது. வனத்துறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். செய்போனே ஒரு நாள் தவணை கேட்டார்.

குழிகளை எண்ணிப் பார்த்தார்: பதினேழு. எல்லாமே விடுதியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து என் சமையலறை வரை ஒரே கோட்டில் இருந்தன. ஆழமான குழியில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். மண் குளிர்ந்திருந்தது. மண்வெட்டியால் இன்னும் தோண்டினோம். சமையலறைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் இணைப்பில் விரிசல். நூல் மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. செய்போனே மொடீசேவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவ்ளோ ஆழத்துல கசியுற தண்ணி அதுக்குத் தெரிஞ்சிருக்கு, ஐயா. நாம தினம் மேலயே நடக்கறோம், நமக்குத் தெரியல. அதைப் போய் சுடணுங்கறீங்களே."

மொடீசே குனிந்து குழிக்குள் பார்த்தார். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழாயைச் சரிசெய்தோம். வேலிக்கு வெளியே கிடந்த பழைய மாட்டுத்தொட்டியைச் செய்போனே கழுவித் தண்ணீர் நிரப்பினார். மறுநாள் விடிந்ததும் யானை வந்தது. துதிக்கையைத் தரையோடு ஒட்டி, குழாய் போன வழியே முகர்ந்துகொண்டு கடைசி வரை போனது. ஒரு புல்லைக்கூடப் பிடுங்கவில்லை. பிறகு திரும்பி, மாட்டுத்தொட்டிக்குப் போய் நெடுநேரம் குடித்தது. ஜன்னலருகே நின்ற எனக்கு அடுப்பு நினைவே இல்லை.

அது போனபின் செய்போனே ஒவ்வொரு காலடித் தடத்திலும் மண் நிரப்பிப் புல் பதித்துக்கொண்டே வந்தார். கடைசித் தடத்தை மட்டும் நிரப்பாமல் அதனருகே நின்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்து அதற்குள் வைத்து நின்றார்.