செல்வியும் பின்தாள் இல்லாத லேபிளும்

செல்வி எங்கள் பேக்கிங் அறைக்கு வேலைக்கு வந்த மூன்றாம் நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எல்லா ஸ்டிக்கருக்கும் பின்னால் வழவழப்பாக ஒரு தாள் இருக்கும். அதை உரித்துப் போட்டுவிட்டுத்தான் ஒட்டுவோம். இந்தச் சுருளில் அந்தத் தாளே இல்லை, பின்பக்கம் முழுக்கப் பசை. அப்படியிருக்க இது தன்மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் எப்படிச் சுருண்டு கிடக்கிறது?

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். லேபிள் அடிக்கிற மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு நாளும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. முன்பக்கத்தில் சிலிக்கோன் பூச்சு இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பெயர் அவளுக்குப் போதவில்லை. பின்வாசல் சாக்கடை ஓரம் போய் ஒரு சேம்பு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர், லேபிளின் முன்பக்கத்தில் ஒரு சொட்டு. இரண்டையும் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டமே உருளுதுங்க்கா," என்றாள். அதன்பிறகே வேலையில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஏற்காட்டுப் பக்கத்தில் கிளியூர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவள். இரண்டு வருடங்களுக்கு முன் மழையில் பழ மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் போட்டும் கை தலைக்குமேல் போகவில்லை. கிளையை வளைக்க முடியாதவளை எஸ்டேட்டில் எப்படி வைத்துக்கொள்வார்கள்? கணக்கு எழுதுகிற ரைட்டர் மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டாராம். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். எங்கள் கடை காப்பித்தூளும் மிளகும் விற்கிற கடை. பின்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் போதும், எதையும் தூக்க வேண்டியதில்லை. வேலை கேட்டு வந்த அன்றே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "கை மேல போகாதுங்க்கா. மத்தபடி எல்லாம் போகும்."

மெஷினை வாங்கியது என் கணவர் ஆரிப். உரித்துப் போட்ட தாள் காற்றில் பறந்து சாக்கடையை அடைக்கிறது என்று எரிச்சல்பட்டு, சேலத்தில் விசாரித்துக் கொண்டுவந்தார். சுருள் மாட்டுவதும் துடைப்பதும் அவர்தான், வேறு யாரையும் தொட விட்டதில்லை. போன பிப்ரவரியில் அவர் இறந்தார். அதன்பின் மெஷின் மூடியே கிடந்தது. மாமா, அதாவது அவருடைய அத்தா, என் மாமனார் அப்துல் காதர், பழைய ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வைத்துக்கொண்டு பொட்டலங்களில் குத்தினார். ஜூலையில் செல்வி வந்ததும் அந்த மெஷினை மாமா அவளிடம் விட்டார். சொல்லித்தர ஆள் இல்லை. படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதை அவள் மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வேலை பார்க்கச் சுலபமானதுதான். பசைப் பக்கம் கீழே வருமாறு சுருளை வைத்து, முனையை இழுத்துக் கறுப்பு ரப்பர் ரோலரின் மேல் படிய வைத்து, மூடியை அழுத்த வேண்டும். மூடியில் இருக்கிற தலை சூடாகும், சூடு பட்ட இடத்தில் தாள் கறுத்து எழுத்து எழும்பும். மை கிடையாது. ஒரு லேபிளை எடுத்தால் அடுத்தது வரும். பசை நேராக ரோலரின் மேலேயே ஓடுவதால் ரோலருக்கும் ஒட்டாத பூச்சு உண்டு.

செல்வியின் முதல் தப்பு ஏற்காட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. மழைக்காலத்தில் இங்கே எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு குண்டு பல்பு எரியும், துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க. லேபிள் சுருள்கள் நமத்துப் போகுமே என்று பத்துச் சுருளை எங்கள் அலமாரியில் பல்பை ஒட்டி அடுக்கிவிட்டாள். இரண்டு நாளில் அத்தனையும் சாம்பல் நிறம். சேலத்து ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் ஸ்டெபின் விழுந்து விழுந்து சிரித்தான். பல்பே லேபிள் அடித்துவிட்டது என்றான். செல்வி சிரிக்கவில்லை. எத்தனை சுற்று உள்ளே வரைக்கும் சூடு போயிருக்கும் என்று அவனைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவளே பிரித்து எண்ணினாள். பதினோரு சுற்றுக்கு உள்ளே வெள்ளையாகவே இருந்தது. சுருள்கள் தப்பின, ஆனால் அவள் பெயர் கெட்டுவிட்டது. அதன்பிறகு மெஷினில் எது நடந்தாலும் மாமா அந்தப் பல்பைத்தான் இழுப்பார்.

ஏதாவது நடந்துகொண்டேதான் இருந்தது. லேபிள் வெளியே வராமல் ரோலரைச் சுற்றிக்கொள்ளும். ஒருநாளில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து நகத்தால் பிரித்தெடுக்க வேண்டும். எப்போது சுற்றுகிறது என்று செல்வி கவனித்தாள். ஓடும்போது அவ்வளவாக இல்லை. டீ குடித்துவிட்டு வந்தால், காலையில் திறந்தால் கட்டாயம் சுற்றியது. நின்ற இடத்தில் பசை ரோலரைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, எழுந்திருக்கும் போதெல்லாம் மூடியைத் திறந்து தாளைப் பின்னால் இழுத்துச் சுருளோடு ஒட்டி வைத்தாள். ஐந்து, இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டு மட்டும் ஏன் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

தீபாவளிக்குச் சேலத்து ஓட்டல் ஒன்று அறுநூறு பொட்டலம் கேட்டிருந்தது. சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும். திங்களன்று ஒரே காலையில் மூன்று முறை சுற்றியதும் மாமா வாசலில் வந்து நின்றார். இந்த வாரமும் இப்படியே போனால் பேக்கிங்கைச் சேலத்தில் அவர் தம்பி மகனுடைய குடோனுக்கே மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். செல்வி தலை நிமிராமல் நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தினமும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலம் போய்வர அவளால் முடியாது. மலையில் அவள் தோளுக்கு ஏற்ற வேறு வேலையும் இல்லை.

புதனன்று அவள் ரோலரையே கழற்றினாள். லேபிளை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ரோலர் முழுக்க வரிசையாக ஒட்டினாள். பஞ்சர் பார்க்கிறவர்கள் டியூபைத் தண்ணீரில் அழுத்துகிற மாதிரி, இடம் இடமாக. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்துத் துண்டுகள் ஊதினாலே வந்துவிட்டன. நடுவில் மூன்று மட்டும் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அந்த இடத்தில் நேராக ஒரு கோடு தெரிந்தது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது கத்திக் கீறலுங்க்கா. பூச்சு போயிருச்சு. நான் கத்தியவே இதும்பக்கம் கொண்டுபோனதில்லீங்க. பெரிய பாய் கேட்டா நீங்கதான் சொல்லோணும்."

சொல்கிறேன் என்றேன். அன்று சொல்லவில்லை.

அந்தக் கத்தி என்னுடையது. ஆரிப் இறந்தபின் இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பேக்கிங் அறை வீட்டோடு சேர்ந்தது. ஒரு சாயங்காலம் அங்கே போய் மெஷினைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் பாதி வேலையில் எழுந்து போயிருந்தார். அடித்து முடித்து எடுக்காத ஒரு லேபிள் ரோலரில் படிந்து இறுகிக் கிடந்தது. மிளகு, இருநூறு கிராம், பேக் செய்த அன்றைய தேதி. அதை எடுக்க நினைத்தேன். நகத்துக்கு வரவில்லை. சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து சுரண்டினேன். ஆறு துண்டுகளாக வந்தது. ஒரு ஹல்வா டப்பாவில் போட்டு வைத்தேன். ரோலருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை.

வியாழன் காலை மறுபடியும் சுற்றியது. மாமா உள்ளே வந்தார். ரோலரில் கீறல் இருப்பதைச் செல்வியே அவரிடம் காட்டினாள். அவர் கீறலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பல்பு, இன்னிக்குக் கத்தியா? சனிக்கிழமை வரைக்கும் வாம்மா. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

செல்வி என் பக்கம் திரும்பினாள். ரோலரைத் துணியில் துடைத்து அதன் இடத்தில் பொருத்தினாள்.

மாமா கடைப்பக்கம் திரும்புவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"கத்தி என்னுது மாமா," என்றேன்.

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தேதி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மாமா. பத்தொன்பது."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஸ்டெபினைக் கூப்பிட்டு, புது ரோலர் ஒன்றை நாளைக்கே கொண்டுவரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. வாசல்வரை போனவர் திரும்பி, "திங்கக்கிழமையும் வா செல்வி," என்றார்.

"வர்றனுங்க பாய். கை மேல மட்டும் போகாதுங்க."

வெள்ளி மதியம் ஸ்டெபின் ரோலரோடு வந்தான். மாட்டியது செல்விதான், அவன் பக்கத்தில் நின்று டீ குடித்தான். அறுநூறில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. சனிக்கிழமை காலை பெட்டிகள் சேலம் பஸ்ஸில் ஏறின.

அன்று மதியம் செல்வி என்னிடம் அந்த லேபிளைப் பற்றி விசாரித்தாள். எத்தனை மாதம் ஒட்டிக் கிடந்தது, எந்தப் பக்கத்திலிருந்து சுரண்டினேன், துண்டுகளில் எழுத்து இருக்கிறதா என்றெல்லாம். கேட்டுவிட்டு யோசித்தாள்.

"நான் அப்ப இருந்திருந்தா ஆவி காட்டி முழுசா எடுத்திருப்பனுங்க்கா," என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்லீங்க. ஆவி பட்டா மொத்தமும் கருத்துப் போயிருக்கும். பல்புக் கதைதான்."

பழைய ரோலரைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அதே கீறல்மேல் ஒரு மிளகு லேபிளை அழுத்தி ஒட்டி, அலமாரியின் மேல்தட்டு எட்டாததால் ஜன்னல் கட்டையில் வைத்தாள். பனி அதன்மேல் இறங்கியது. ஒரு மாதம் ஆனதும் அதை முழுசாக எடுக்கிற சோதனைகள் ஆரம்பமாயின. நூலை அடியில் விட்டு இழுத்தாள், கிழிந்தது. வேறொன்று ஒட்டி இன்னொரு மாதம் காத்திருந்தாள். சாக்பீஸ் தூள் போட்டாள், அதுவும் கிழிந்தது. பேக்கிங் முடிந்த பத்து நிமிடங்களில்தான் இதெல்லாம். மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

போன வாரம் ரோலரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, எங்கள் பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைக்கலாமா என்று கேட்டாள். வைத்தோம். காலையில் எடுத்துக் கொஞ்சம் தட்டினாள். லேபிளின் ஒரு மூலை தானாகத் தூக்கிக்கொண்டது. விரலால் மெதுவாக இழுத்தாள். முழுசாக வந்தது, ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை.

அதை என் உள்ளங்கையில் வைத்தாள். ஹல்வா டப்பாவைத் திறந்து அந்த ஆறு துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் டப்பாவை எட்டிப் பார்த்தாள், துண்டுகளின் ஓரங்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சூட்டுலதான எல்லாப் பசையும் எளகும்? இது ஏனுங்க்கா குளுர்ல விட்டுருச்சு?"

தெரியவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பழைய வேதியியல் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை.