மாதிரி வீட்டில் குடிவைத்தவர்

'நடமாடப் பிறர் உதவி தேவைப்படுபவர். அமைதியான சுபாவம்.' தொடர்மாடிப் புனரமைப்புத் திட்டத்தின் பதிவில் சீனத்தும்மா இப்படித்தான் இருக்கிறார். ஆள் இந்நேரம் மூன்று மாடிக்கும் மேலே, தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கும் பைப் வேலைக்காரரை ஏசிக்கொண்டிருக்கிறார்.

"ஆதம்பாவா, வானத்தப் பாத்துக்கிட்டு நிக்காம கெதியா வால்வத் திற மனே!"

திட்டக் கந்தோரிலிருந்து அலுவலர்கள் பதிவெடுக்க வந்த அன்று மகள் பஸ்னாவின் தோளில் தொங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது உண்மைதான். இயலாதவர்களுக்குக் கீழ்த்தள வீடு என்று கேள்விப்பட்டிருந்தார். "அந்தக் கால் கந்தோர் ஆக்கள் வந்தாத்தான் நோகும் புள்ள" என்பார்.

கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிய தொடர்மாடி அது. உப்புக்காற்றில் சுவர் உதிர்ந்து கம்பி வெளியே வந்துவிட்டது. முழுவதையும் திருத்துமுன், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தரையில் ஓடு பதித்து, சோபாவும் பிளாஸ்டிக் பூவும் வைத்து, 'மாதிரி வீடு' என்று வருவோருக்குக் காட்டினார்கள். சாவியை வைத்துக்கொண்டு அதைக் கூட்டித் துடைக்க நியமிக்கப்பட்டவர் சீனத்தும்மா. அவர் நடக்கமாட்டாதவர் என்பது ஒரு மேசைக்குத் தெரியும், துடைப்பவர் என்பது இன்னொரு மேசைக்குத் தெரியும். மேசைகள் கதைத்துக்கொள்வதில்லை.

வில்லங்கம் பஸ்னாவின் கலியாணத்தில் வந்தது. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். திட்டமோ திருத்தி முடியும்வரை எல்லோரையும் வாடகை வீடு தேடிப் போகச் சொன்னது. மாப்பிள்ளை சப்ரியின் உம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்:

"வாடகை ஊட்டுக்கு என்ட மகன அனுப்ப மாட்டன். சம்மாந்துறையில ஊட்டோட ஒரு புள்ள இரிக்கி."

சீனத்தும்மா திட்ட அலுவலர் கனகசபாபதியிடம் போனார்.

"ரெண்டு வருசம் பொறுங்க உம்மா. கலியாணம் எங்க ஓடப்போகுது?"

"கலியாணம் ஓடாது சேர். மாப்புள ஓடிருவார்."

"அதுக்குத் திட்டத்தில இடமில்லையே."

"ஓம் சேர்" என்றார் சீனத்தும்மா, மிகப் பணிவாக. கனகசபாபதி அப்போதே உசாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் காவின் எழுதிக் கலியாணம் முடிந்தது. மறுநாள் காலை, கொழும்பிலிருந்து வந்த பார்வையாளர்களோடு கனகசபாபதி மாதிரி வீட்டுப் படியேறினார். புதுச் சாரம் உடுத்திய சப்ரி கதவைத் திறந்து, "வாங்க சேர், இரிங்க" என்றார். இருக்க இடமில்லை, சோபா முழுக்க மாப்பிள்ளை வீட்டார். குடிவந்த மாப்பிள்ளையை வெளியே போகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நா எழாது. கனகசபாபதியும் பக்கத்துப் பாண்டிருப்புக்காரர்தான். செருப்பைக் கழற்றி வைத்தார்.

சீனத்தும்மா பார்வையாளர்களுக்குக் கலியாண வட்டிலப்பம் வெட்டிவைத்தார்.