மைனா நிறத்துக் கிளிகள்

விருத்தாசலத்து டீக்கடையில் என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், "போட்டோவ சின்னதாக்குற வேலைங்க" என்பேன். "அதுக்கா இன்ஜினியருக்குப் படிச்சீங்க?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் சட்டென்று பிடிபடும். நிறத்தில் அது கொஞ்சம் அசட்டை. அதனால் படத்தில் வெளிச்ச விவரத்தை வைத்துக்கொண்டு, நிற விவரத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஃபைல் இளைத்துவிடும். இந்தக் கண்கட்டு வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணைப் பற்றி என்னை விட்டால் ஆளில்லை என்றொரு நினைப்பும் இருந்தது.

என் மனைவி பீங்கான் பொம்மை செய்து, அவளே வண்ணமும் தீட்டுகிறாள். சென்ற ஆண்டு கொலுவுக்கு முன்பு, சென்னைக் கடைக்காரர் ஒருவர் அவளுடைய கிளி பொம்மைகளுக்குப் படம் கேட்டார். பிடித்திருந்தால் ஆர்டர். அவளுக்கு அது முதல் வெளியூர் ஆர்டர். பழமலைநாதருக்கு வேண்டுதல்கூட வைத்திருந்தாள். படங்கள் மெயிலில் போகாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. விடுவேனா நான்?

ஆபீசில் இதைப் பலர் கண்ணால் சோதிப்போம். வீட்டில் என் கண்ணே போதும் என்று உட்கார்ந்தேன். வித்தியாசம் தெரிகிற வரை நிறத்தைக் கழிப்பது என்று திட்டம். கழித்துக்கொண்டே போனேன், தெரியவே இல்லை. என் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது. அவள் சூளைக்குப் போயிருந்தாள். காட்டாமலே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். "கிளின்னு சொன்னீங்க, எல்லாம் மைனா மாதிரி இருக்கேம்மா. எங்க கடைக்கு இது சரிப்படாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. பழைய படத்தையும் நான் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒண்ணாங்க?" என்றாள்.

"ஒண்ணுதான்" என்றேன், நிபுணர் குரலில்.

உள்ளே போய் இரண்டு பெயிண்ட் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். "இதுல பச்ச எது?"

யோசித்துக் காட்டினேன். அது காவி.

ஜங்ஷன் இருக்கிற ஊரில் பிறந்தும் ரயில்வே வேலைக்கு நான் எழுதிப் போட்டதில்லை. போட்டிருந்தால் கண் பரிசோதனையிலேயே இந்த நிறக்குருட்டைப் பிடித்திருப்பார்கள். எத்தனை ரயில்கள் தப்பித்தனவோ.

அசல் படங்களை அவளே வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பினாள். பொழுது சாய்கிற நேரத்தில், "கிளி நல்லா இருக்கும்மா, அனுப்பிடுங்க" என்று பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

அவள் மட்டும் போனைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள்.

"நிச்சயதார்த்தத்துக்கு நான் பச்சப் புடவ கட்டியிருந்தேன். காப்பிக்கொட்ட கலர் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க. என்ன நிமுந்துகூடப் பாக்கலன்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேங்க."



"பாத்தேன்" என்றேன். "ரொம்ப நேரம் பாத்தேன். பொடவைய மட்டுந்தான் சரியாப் பாக்கல."