போர்மேன் பெயரில் வந்த விண்ணப்பம்

பட்டாசு மருந்து கலந்து கலந்தே எனக்கு ஆஸ்துமா வந்தது. "இருமுறவனுக்கு இங்கன வேலை இல்லலே, போ" என்று எல்லோர் முன்னாலும் விரட்டினார் ஆலையின் போர்மேன்.

பிறகு சிவகாசி பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆஸ்துமாக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு குழு நடத்தினேன். ஒருநாள் அந்தப் போர்மேன் பெயரிலேயே, சேர்த்துக்கொள்ளக் கேட்டு விண்ணப்பம் வந்தது. ஊரும் அவருடைய விஸ்வநத்தம்தான். கை பரபரத்தது. "இருமுறவனுக்கு இங்கன இடம் இல்லலே, போ" என்று எழுதி நிராகரித்தேன். அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது: "அண்ணே, இது எங்கப்பாவோட மெயில். இருமுறது அவுக மக, நான். பிளஸ் டூ படிக்கேன். நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

மன்னிப்புக் கேட்டு அவளைச் சேர்த்துக்கொண்டேன். அவள் அப்பாவை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மூச்சிரைப்பு என்னவென்று தெரியாமல் விரட்டியவர் அவர். தெரிந்தே விரட்டியவன் நான்.